பழைய இரும்பென்று சொல்லப்பட்ட பஸ்

கலாதேவி பஸ் ஓட்ட வந்ததே ஒரு கோபத்தில்தான்.

அப்போது அவள் ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். செமோர் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெண்களை ஏற்றிப்போகும் பஸ்ஸைப் பத்துமலை என்பவர் ஓட்டினார். மழை பெய்தால் அவர் தோட்டத்துச் செம்மண் பாதைக்குள் வரமாட்டார். பெண்கள் ரோட்டு முனைவரை நனைந்துகொண்டே நடக்கவேண்டும். ஒருநாள் கலாதேவி சண்டைக்கு நின்றாள். "உள்ள வந்தா டயர் மாட்டிக்கும்லா. நீ வேணா ஓட்டிப் பாரு" என்றார் அவர். சொன்னவர் அன்றே மறந்துவிட்டார், கேட்டவள் மறக்கவில்லை. லைசென்ஸ் எடுத்தாள். பத்துமலை வேலையை விட்டுப் போனபோது அந்த இருக்கையில் அவள்தான் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு எவ்வளவு மழை கொட்டினாலும் தோட்டத்து லயத்து வீடுகளின் வாசல்வரை பஸ் வந்தது.

வருடங்கள் ஓடின. அவள் கண்ணெதிரே ரப்பர் மரங்கள் சாய்ந்தன, செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகள் எழுந்தன. நடுவில் ஒரு கல்யாணம் நடந்தது, நிலைக்கவில்லை. அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. பஸ் மட்டும் விடியலில் புறப்பட்டு அந்தியில் திரும்பியது. கடைசியில் புதுத் தொழிலாளிகள் விடுதியிலேயே தங்க ஆரம்பித்ததும் பஸ்ஸுக்கு ஆள் குறைந்தது. பஸ் முதலாளியான சீனத் தவுக்கே வியாபாரத்தை மூடினார். "இரும்புக் கடைக்கு அனுப்பப் போறேன். அதுக்கு முன்ன உன்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சு" என்றார் மலாயில். அவள் வாங்கிக்கொண்டாள்.

அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். ஏற ஆளில்லாத பஸ்ஸை வைத்து என்ன செய்வாய் என்று கேட்டார்கள். அவளுக்கும் தெரியாது. முன்பு தோட்டத்து ரப்பர் ஸ்டோர் இருந்த வெற்று நிலத்தில் நிறுத்தி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் எஞ்சினைக் கிளப்பி, சற்றுநேரம் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வருவாள்.

அந்த நிலத்துக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி தர்மேந்திரன் தன் குட்டி ஜீப்பில் வந்தான். ஈப்போவில் ஏர்கோன் பழுதுபார்ப்பவன். விடுமுறை நாளில் பழைய ஈயச் சுரங்கக் குட்டை மேடுகளிலும் கைவிடப்பட்ட தோட்டப் பாதைகளிலும் ஜீப்பை விட்டு உருட்டுவதுதான் அவனுக்கு உலகம். அதற்கென்று ஒரு கிளப்பும் இருந்தது. பஸ்ஸைச் சுற்றிச்சுற்றி வந்தான். பின்பக்கத்தைக் கையால் தட்டிப் பார்த்தான்.

"அக்கா, இத வெட்டிறலாமா?"

"எத?"

"பின்பக்கத்தலா. எஞ்சின் முன்னாடிதான இருக்கு? பின்னால முழுசாத் திறந்து ரேம்ப் வெச்சா என் ஜீப்பு அப்பிடியே உள்ள ஏறிரும். பக்கத்துல ரெண்டு ஸ்கிராம்ளர் மோட்டார் சைக்கிளு நிக்கும். முன்பக்கம் கட்டிலு, அடுப்பு, தண்ணித் தொட்டி. குவா மூசாங், பெலும், எங்க வேணா போலாம். நீதான் ஓட்டணும். நீதான் கேப்டன்."

கலாதேவி சிரித்தாள். ஆனால் அன்றிரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருடத்தில் அந்தப் பஸ் செமோரையும் ஈப்போவையும் தாண்டிப் போனதில்லை. அவளும்தான்.

வேலை தொடங்கியது. தர்மேந்திரனுக்குத் தெரிந்த வெல்டர் லூர்துசாமி வெட்டுவதற்கும் ஒட்டுவதற்கும் வந்தார். இருக்கைகளைக் கழற்றும் பொறுப்பைக் கலாதேவி எடுத்துக்கொண்டாள். துருப்பிடித்த போல்ட்டுகளில் எண்ணெய் ஊற்றி, ஊறவிட்டு, ஒவ்வொன்றாகத் திருகினாள். இருக்கைகளுக்கு அடியிலிருந்து கொண்டை ஊசிகளும் காய்ந்துபோன மாத்திரைப் பட்டைகளும் ஒரு வெள்ளிக் கொலுசும் கிடைத்தன. பின்சுவர் அறுந்து விழுந்த அன்று உள்ளே பாய்ந்த வெளிச்சத்தைப் பார்த்து மூவரும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

ஜீப்பின் கனத்தைத் தாங்கத் தரைக்கு அடியில் இரும்புச் சட்டங்கள் போட்டார்கள். ரேம்ப்பைக் கதவுபோல் மேலே மடித்து மூடினால் அதுவே பின்சுவர். முதல்முறை ஜீப்பை ஏற்றிவிட்டு அவள் ஓட்டிப் பார்த்தாள். சிறிது தூரம் போனதுமே நிறுத்திவிட்டாள்.

"பின்னால பாரம் உக்காருது, முன்சக்கரம் லேசாகுது. ஸ்டேரிங் கையில நிக்கல" என்றாள். "தண்ணித் தொட்டி, பேட்டரி எல்லாத்தையும் என் சீட்டுக்குப் பக்கத்துல கொண்டு வாங்க. ஜீப்பும் இன்னும் முன்னால ஏறி நிக்கணும்."

லூர்துசாமி போட்ட தடுப்பை மறுபடி அறுத்து முன்னே தள்ளினார். அதனால் கட்டிலுக்கு இருந்த இடம் சுருங்கியது. இரண்டு கட்டில் மேலும் கீழுமாக ஒரு பக்கம். டிரைவர் இருக்கைக்குப் பின்னால் ஒரே ஒரு ஒற்றைக் கட்டில், ஜன்னலோரம். "இது கேப்டனுக்கு" என்று தர்மேந்திரன் சாக்பீஸால் பலகையில் எழுதினான். அவள் ஈப்போ லிட்டில் இந்தியாவில் கடைகடையாக ஏறி இறங்கி மாம்பழ மஞ்சளில் மெத்தைத் துணி எடுத்துத் தானே தைத்தாள்.

வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் சொல்லியிருப்பாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஒட்டாமல் விலகிப்போன தம்பி, நடு வயதில் திரும்பி வந்து எதிரே உட்கார்ந்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறான். கருகல் வாசனையும் பெயின்ட் வாசனையும் கலந்த பஸ்ஸுக்குள் இருவரும் போகப்போகும் ஊர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குமேல் என்ன வேண்டும்?

வாகன ஆய்வு நிலையத்தில் இரண்டு முறை திருப்பி அனுப்பி, மூன்றாம் முறை சரி என்றார்கள். பள்ளி விடுமுறையில் முதல் பயணம் என்று முடிவானது. கலாதேவி ஊறுகாய்க்கு மாங்காய் வெட்டினாள், கம்பளிச் சட்டையை வெயிலில் காயவைத்தாள். புறப்படுவதற்கு முந்தின நாள் தர்மேந்திரன் வந்தான்.

"ட்ரிப்பு தள்ளிப் போச்சுக்கா. கிளப்புல ஒருத்தரோட அப்பா தவறிட்டாரு. அடுத்த மாசம் போலாம். சாவி குடு, ரேம்ப்போட கீல் கொஞ்சம் இழுக்குது, லூர்துசாமி அண்ணே பட்டறையில விட்டுட்டு வாரேன். பட்டறை ரெண்டு தெருதான, நானே மெதுவா உருட்டிப் போயிருவேன்."

செத்தவருக்காக ஒரு நிமிடம் வருந்திவிட்டு அவள் சாவியைக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து ரொஹானி போனில் கூப்பிட்டாள். கலாதேவியோடு அதே பஸ்ஸில் தொழிற்சாலைக்குப் போய்வந்த பழைய தோழி. "கலா, இது உன் பஸ்தானே? எவ்வளவு அழகா இருக்கு!" என்று மலாயில் சொல்லிவிட்டு ஒரு வீடியோவை அனுப்பினாள். ஓர் ஆற்றங்கரை, பின்னால் ஒரு பாலம், கீழே குவா மூசாங் என்ற எழுத்து. ரேம்ப் இறங்கியிருக்கிறது. தர்மேந்திரன் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். "இந்த பஸ்ஸ நான் பெசி பூரோக் கடையிலருந்து எடுத்தேன், கைஸ். பழைய இரும்பு. ஒரு வருஷமா ஒத்தை ஆளா இருந்து..."

அவள் அதை மறுபடி போட்டுக் கேட்டாள். பிறகு லூர்துசாமியைக் கூப்பிட்டாள். "பஸ்ஸா? இங்க வரலியேம்மா" என்றார் அவர்.

தம்பி வீட்டில் அவன் மனைவி பிரமிளா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கலாதேவியைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"ஆம்பளைங்க ட்ரிப்புக்கா. உங்களுக்கு வருத்தமா இருக்குமேன்னுதான் சொல்லல."

"மலை ரோட்டுல யாரு ஓட்டுறா?"

"அவருதான். அதுக்குத்தான ஹெவி லைசென்ஸ் எடுத்தாரு." சொன்னபிறகுதான் பிரமிளாவுக்கு உறைத்தது. குரல் இறங்கியது. "ஆறு மாசமாச்சே... உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஆறு மாதம். மெத்தைத் துணியை அவள் தைத்துக் கொண்டுவந்தபோது அவனிடம் லைசென்ஸ் இருந்திருக்கிறது. பலகையில் கேப்டன் என்று எழுதியபோதும் இருந்திருக்கிறது.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. தன் பழைய குட்டிக் கஞ்சில் காரை நேராகச் சிம்பாங் பூலாய்ப் பக்கம் திருப்பினாள். மலை ஏற ஏறக் கார் முனகியது. கேமரன் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளைத் தாண்டி, லோஜிங் இறக்கத்தில் இறங்கி, குவா மூசாங் போகும் வழியில் வீடியோவில் தெரிந்த பாலத்தைக் கண்டுபிடித்தபோது பிற்பகலாகியிருந்தது. வழியெல்லாம் என்னென்னவோ கேட்கவேண்டும் என்று சேர்த்து வைத்திருந்தாள். பஸ்ஸைக் கண்டதும் எல்லாம் போய்விட்டது. அது ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்ற அழகு அப்படி.

பஸ் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் எழுந்தான். கிளப்புத் தலைவன் யுகேந்திரன்.

"யாரத் தேடுறீங்கக்கா?"

"தர்மேந்திரன. நான் அவன் அக்கா."

அவன் முகத்தில் நிஜமான கரிசனம் வந்தது. "அக்காவா! முட்டி ஆப்பரேஷனுக்கு அப்புறம் உங்களுக்கு நடக்கவே முடியலன்னு சொன்னாரே. இவ்வளவு தூரம் யாரு கூட்டிட்டு வந்தா? உக்காருங்க, உக்காருங்க."

இத்தனை வளைவுகளிலும் கிளட்சை மிதித்து வந்த தன் கால்களைக் கலாதேவி ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "நானேதான் ஓட்டிட்டு வந்தேன்" என்றாள்.

தர்மேந்திரன் ஆற்றிலிருந்து ஈரத்தோடு ஏறி வந்தான். அவளைப் பார்த்ததும் துண்டைத் தோளில் போட்டபடியே நின்றுவிட்டான்.

"என்னக்கா, சொல்லாம கொள்ளாம..."

"நீ சொல்லிட்டா வந்த?"

அவளைக் கையைப் பிடித்து மரத்தடிக்குக் கூட்டிப்போனான். "எல்லாம் ஆம்பளைங்கக்கா. நீ இருந்தா அவனுங்க ஃப்ரீயா இருக்க மாட்டானுங்க. அடுத்த தடவ நாம குடும்பமாப் போலாம்னுதான்..."

"இத நேரா சொல்லிருந்தா நானே சாவியக் குடுத்து, ஊறுகாயும் கட்டிக் குடுத்திருப்பேன். பெசி பூரோக்குன்னு ஏன்டா சொன்ன?"

"அது வீடியோவுக்குக்கா. அப்பிடிச் சொன்னாத்தான் பாப்பாங்க."

"என் முட்டி?"

அவன் ஆற்றைப் பார்த்தான். "வண்டி யாருது, யாரு ஓட்டுவான்னு கேட்டானுங்க. அக்காதான் ஓட்டும்னு சொன்னா சிரிப்பானுங்கன்னு..."

கலாதேவி அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. தன் உடம்பைத் தானறியாமல் ஒருவன் முடமாக்கி ஊருக்கெல்லாம் காட்டிவிட்டு வந்ததுபோல் இருந்தது. அதுவும் கூடப்பிறந்தவன்.

"உள்ள இருக்குற உங்க சாமான இறக்குங்க" என்றாள். "ஜீப்பு சொந்தக் கால்ல ஓடும். மோட்டாருங்கள யாராச்சும் பிக்-அப்புல ஏத்திக்குங்க."

"அக்கா, அசிங்கப்படுத்தாத."

"சாவி குடு."

யுகேந்திரனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதலில் அவன்தான் உள்ளே போனான். மஞ்சள் மெத்தைமேல் கிடந்த தன் சேற்றுப் பூட்ஸை எடுத்துக்கொண்டு இறங்கி, "மன்னிச்சிருங்கக்கா, எங்களுக்குத் தெரியாது" என்றான். மற்றவர்களும் மூட்டைகளை இறக்கினார்கள். கடைசியில் தர்மேந்திரன் சாவியை நீட்டினான். அவள் பதிலுக்குக் கஞ்சில் சாவியை அவன் கையில் வைத்தாள். "இதையும் எப்பிடிக் கொண்டு வரணுமோ, கொண்டு வந்து சேத்துரு."

ரேம்ப்பை மடித்துப் பூட்டினாள். பின்னால் பாரமில்லாத பஸ் இறக்கத்தில் தடதடவென்று ஆடியது. ஏற்றத்தில் நிதானமாக இழுத்தது. அவள் முதல்முறையாக அந்த மலையில் பஸ் ஓட்டினாள். ஒரு வருடமாக ஏங்கிய பாதை அதுதான். ஆனால் அதை அவளால் பார்க்க முடியவில்லை. பழைய ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. படமெடுக்கும்போதெல்லாம் அவன், "கொஞ்சம் தள்ளி நில்லுக்கா, வெளிச்சத்த மறைக்குற" என்பான். அவளும் தள்ளி நிற்பாள். எதில் உண்மை இருந்தது, எதில் இல்லை என்று எப்படிப் பிரிப்பது? நாசி லெமாக்கைப் பிரித்து முட்டையை அவள் பக்கம் தள்ளினானே, அது உண்மைதானா? கம்போங் ராஜா அருகே வண்டியை ஓரங்கட்டி, மெத்தையுறையைக் கழற்றிச் சேற்றை உதறினாள். கறை போகவில்லை. அங்கேதான் அவளுக்கு அழுகை வந்தது.

கஞ்சில் கார் சில நாளில் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தது. கழுவித் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, சாவியைத் தபால் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போயிருந்தான், கூப்பிடவில்லை. வீடியோவை நீக்கிவிட்டான் என்று ரொஹானி சொன்னாள். வேறெதையும் அவன் யாரிடமும் திருத்திச் சொன்னதாகத் தெரியவில்லை. தீபாவளிக்குப் பிரமிளாவோடு வந்தான். கலாதேவி இலை போட்டுச் சோறு பரிமாறினாள். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "அடுத்த மாசம் பெலும் போறோம். நீயும் வாக்கா. நீயே ஓட்டு" என்றான்.

"நான் வரல தம்பி" என்றாள். பஸ்ஸையும் கொடுக்கவில்லை. அவன் அதைக் கேட்கவுமில்லை.

அந்த ஆண்டுக் கடைசியில் ரொஹானியும் பழைய தொழிற்சாலைப் பெண்கள் சிலரும் சேர்ந்து, கலாதேவி ஓட்ட, பாகான் டத்தோவுக்குப் போனார்கள். ஜீப் நிற்கவேண்டிய இடத்தில் பாய் விரித்து வழிநெடுகப் பாட்டும் சிரிப்பும். கடற்கரைத் தென்னைகளுக்கடியில் பஸ்ஸை நிறுத்தியதும், தன் நான்கு சக்கர மோட்டார் சைக்கிளை லாரியில் கட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் வந்து, ரேம்ப்பைக் குனிந்து நிமிர்ந்து பார்த்தான்.

"செம்மையா இருக்குக்கா. யாரு செஞ்சது?"

"நானும் என் தம்பியும்" என்றாள் கலாதேவி. "வெல்டிங் லூர்துசாமின்னு ஒரு அண்ணே."

"தம்பி வரலியா?"

அவள் ரேம்ப்பில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள்.

"அவனுக்கு வேலை" என்று சொல்லிவிட்டு, அடுப்பை இறக்குவதற்குக் கைகொடுக்கும்படி ரொஹானியைக் கூப்பிட்டாள்.