ஏரிக்கரையில் நீட்டிய கொசுவலை

வேடந்தாங்கலுக்குப் பறவை பிடிக்கப் போன வெள்ளையரை ஊரார் கையும் வலையுமாகப் பிடித்தனர் என்றொரு கதை காஞ்சியில் எங்கள் நெசவாளர் தெருவில் இன்றும் உலவுகிறது. அக்கதையில் வலை மட்டுமே உண்மை. அன்று உடனிருந்தோருள் இவ்வூரில் எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே ஆதலின், நடந்ததை எழுதிவைத்தல் என் கடனாயிற்று.

எழுபதுகளின் தொடக்கம் அது. எல்லையில் போர் ஓய்ந்திருந்தது. வேற்று முகம் கண்டால் உளவாளியென ஐயுறும் வழக்கம் ஓயவில்லை. நான் தமிழாசிரியனாயிருந்த பள்ளியில் அறிவியல் கற்பிக்க, கடல்கடந்து ஒரு வெள்ளைக்கார இளைஞர் தொண்டராக வந்திருந்தார். எங்கள் வீட்டு மாடியறையில் குடியிருந்தார். உணவுக்குப் போதுமான சிறுதொகையே அவருக்குக் கிடைத்தது. விடுமுறையில், வேறு ஊர்களில் தொண்டு செய்த நண்பர் இருவர் வந்து சேர, மூவரும் சிக்கனமாக வேடந்தாங்கல் சென்று பறவைகளைக் காண விரும்பினர். பேருந்தில் போய், கிடைத்த கூரையின்கீழ் உறங்கி, தாமே சோறு பொங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

தெரு இதை நம்பவில்லை; அவர் மாடியறையைக் காலிசெய்து போனால் நல்லது என்றே பேசிக்கொண்டது. ஏழை வெள்ளையன் என்பதே எங்களுக்குப் புதிது. பட்டுத்தறி நெய்துவந்த என் மைத்துனர், என் மனைவியின் தம்பி, வெளிப்படையாகவே கேட்டார்: "கொக்கு நம்ம வயல்ல இல்லியா மாமா? தூரக்கண்ணாடி வெச்சிக்கினு வேற இன்னாத்தையோ பாக்கப் போறாங்க." எனக்கும் ஐயம் இல்லாமலில்லை. வழித்துணை என்ற பெயரில் நாங்களிருவரும் உடன் சென்றோம். உண்மையில் வேவு பார்க்கவே சென்றோம்.

உத்திரமேரூர் வழியாகச் சென்ற பேருந்தின் கூரையில் மூட்டைகள் மழையில் நனைந்தன. ஏரியை அடைந்தபோது மழை விட்டு வானம் வெளுத்தது. மூவரும் தொலைநோக்கியுடன் கரைமேல் நடந்தனர். அது எத்திசை நோக்கித் திரும்புகிறது என்று கவனித்தபடி நான் பின்தொடர்ந்தேன். அது பறவைகள் அடைந்த மரங்களைவிட்டு அகலவேயில்லை. அதனாலும் என் ஐயம் தணியவில்லை. என் முன்னிலையில் எச்சரிக்கையாயிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

மூட்டைகளுக்குக் காவலிருந்த மைத்துனர் நனைந்தவற்றை உலர்த்தினார். அவற்றுள் மூவரும் படுக்கத்தக்க பெரிய கொசுவலையொன்று இருந்தது. ஈரத்துணியைச் சுருட்டிப் போட நெசவாளர் கைகள் இசையா. தறிக்கான நெடுக்கிழைகளாகிய பாவைத் தெருவில் நீட்டும் வழக்கப்படி, இரு மரங்களுக்கிடையே அதை நெடுக இழுத்து, சுருக்கமின்றி விறைப்பாகக் கட்டிவிட்டார். பறவை பிடிப்போர் வலை கட்டுவதும் அவ்வாறே என்பதை அவர் அறியார்.

நாங்கள் திரும்பியபோது ஊரார் வலையைச் சூழ்ந்து நின்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரிநீரே அவர்கள் வயலுக்கு எரு. பறவை அஞ்சி அகன்றால் விளைச்சல் குன்றும். முன்னின்ற பெரியவர் சொன்னார்: "தீவாளிக்கு ஒரு பட்டாசு வெடிக்க மாட்டோம் நாங்க. நீங்க வலைய கட்டிக்கினு நிக்கிறீங்க."

கொசுவுக்காகக் கொண்டுவந்தது என்றேன்.

"கொசுவுக்கு மரத்துலயா வலை கட்டுவாங்க, வாத்தியாரே?"

ஊரார் காவல் நிலையத்துக்கு ஆளனுப்ப முடிவு செய்தனர். எங்கள் மாடியறை இளைஞர், வழக்கென்று ஒன்று பதிவானால் தம்மை உடனே நாட்டுக்குத் திருப்பியனுப்பிவிடுவர் என்று முன்பே என்னிடம் சொல்லியிருந்தார். நான் மைத்துனரைப் பார்த்தேன். அவர் வாய் திறக்கவில்லை. திறவாதிருந்தாலே போதும், தெரு விரும்பியவாறு மாடியறை காலியாகிவிடும். வேண்டுமென்றே கட்டினாரோ என்றுகூட அக்கணம் ஐயுற்றேன்.

பின்பு அவர் முன்வந்தார். "கட்டினவன் நான். அவங்க அப்போ இங்க இல்ல. காயட்டும்னு பாவு மாதிரி நீட்டினேன். புடிக்கிறதுன்னா என்னப் புடிங்க."

"நீயும் அவங்க கூட வந்தவன்தானே? உன்ன எவன் நம்புவான்?" என்றார் பெரியவர். ஆயினும் ஆளனுப்பவில்லை. நம்மவன் ஒருவன் தானே பழியேற்றபின் வெள்ளையர்மேல் குற்றம் சுமத்த அவர் விரும்பவில்லை போலும். வலையை வைத்துக்கொண்டு, அடுத்த பேருந்தில் ஏறிவிடுமாறு பணித்தார்.

விடுமுறை ஒரு காலைப்பொழுதோடு முடிந்தது. இளைஞர் தம் தவணை முடியும்வரை எங்கள் பள்ளியிலேயே கற்பித்தார். அன்று திரும்பும் பேருந்தில் மூவருக்கும் பின்னிருக்கையில் அமர்ந்த மைத்துனரிடம், நல்லது செய்தாய் என்றேன். அவர் அவர்கள் முதுகைவிட்டுக் கண்ணெடுக்காமலே சொன்னார்: "செய்யாதத செஞ்சான்னு சொல்லக் கூடாது, அவ்ளோதான். இன்னாத்த பாக்க வந்தாங்கன்னு எனக்கு இன்னும் தெரியல மாமா."

ஏரிக்கரை ஊரில் இந்நிகழ்ச்சியை வேறுவிதமாக நினைவுகூர்வோர் இருக்கக்கூடும். ஆளனுப்பாமைக்கு நான் கூறிய காரணம் என் ஊகமே. பிழை கண்டோர் அன்புகூர்ந்து திருத்துக.