டர்போவுக்கு ஒரு தேன்மிட்டாய்

எங்கள் வீட்டில் அப்பாவும் மாமாவும் ஒரு வருஷம் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். மாமா, அம்மாவின் தம்பி. சொந்த ஊரான காவேரிப்பட்டினத்தில் மாந்தோப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு, இரும்பில்தான் கை போகிறது என்று ஓசூருக்கு வந்துவிட்டார். தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு. அப்பா பழைய டீசல் கார் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். அப்பா ஊரில் இல்லாத ஒருநாள் மாமா அதன் கியர் பெட்டியைக் கழற்றி மாட்டினார். மாட்டி முடித்தபோது இரண்டு போல்ட் மிச்சம். அந்த வருஷ ஆயுத பூஜையில் அப்பா ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு போல்ட்டையும் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டார். அதோடு பேச்சு நின்றது.

நேர்ப்பேச்சுதான் நின்றது. மாமா மூன்றடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே, "உங்க மாமனுக்கு சோறு ஆறுதுன்னு சொல்லுடா" என்பார் அப்பா. நான் திரும்பி, "மாமா, சோறு ஆறுதாம்" என்பேன். சேதிக்கு ஒரு தேன்மிட்டாய் என்று மாமாவிடம் பேசி வைத்திருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதைவிட வசதியான வேலை இன்றுவரை எனக்கு அமையவில்லை. சில சேதிகளைத் திருத்தியும் கொடுத்திருக்கிறேன். "வண்டிய தொட்டான்னா கைய ஒடிச்சிடுவேன்" என்பது என் வாயிலிருந்து "அப்பாவுக்கு இன்னிக்கி தலவலியாம்" என்று வெளியே வரும்.

அந்தக் காருக்கு மேலுமலை மேடுதான் எமன். கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பும்போது ஆள் நிறைந்திருந்தால் முதல் கியரில் முக்கி முக்கி ஏறும். புளி மூட்டை லாரிகள்கூட ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போகும். சில சவாரிக்காரர்கள் இறங்கி நடந்தே முன்னால் போய்க் காத்திருப்பார்கள்.

இதைப் பார்த்துவிட்டு மாமா பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு டர்போ வாங்கி வந்தார். பெரிய நத்தை இரும்பில் பிறந்த மாதிரி இருந்தது.

"விட்ட புகையையே திரும்ப தின்னணுமாமா? கேளுடா" என்றார் அப்பா.

"புகை உள்ள போவாது. வெளிய போறப்ப ஒரு காத்தாடிய சுத்திவிட்டுட்டு போவும். அது இன்னொரு காத்தாடிய சுத்தி, இன்ஜினுக்குள்ள காத்த தள்ளும். ஊதுகுழல்ல அடுப்ப ஊதுற மாதிரின்னு சொல்லு."

"அடுப்பாம்" என்றேன்.

"அடுப்பு உங்கம்மாகிட்ட இருக்குது."

அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசாமல் இருந்து சம்மதம் வாங்கினாள். அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். "தோப்புக்கு போய்ட்டு வர்றப்ப ஆள் நெறைய ஏத்திக்கிறேன். முதல் கியர் போடாம மேட்டு மேல போச்சின்னா உன் தம்பி இங்கியே இருக்கட்டும். இல்லன்னா அங்கியே மாங்கா பொறுக்கட்டும்." மாமா அதற்கும் தலையாட்டினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் வெல்டிங் நடந்தது. டர்போவுக்கு இன்ஜினிலிருந்தே எண்ணெய் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய். இந்த முறை போல்ட் மிச்சமில்லை.

காவேரிப்பட்டினத்திலிருந்து திரும்பும்போது காரில் பெரியவர்கள் ஏழு பேர், இரண்டு கூடை மாங்காய், அம்மா மடியில் நான். மேட்டுக்கு முன்னால் வண்டி நின்றபோது மாமா என்னைத் தனியாக அழைத்தார்.

"மேல கோயில்ல நிறுத்துனதும் ஆஃப் பண்ண வேணாம்னு உங்கப்பாகிட்ட சொல்லு. ரெண்டு நிமிஷம் சும்மா ஓடட்டும். எண்ணெ நின்னுச்சின்னா சூட்டுல காத்தாடி கருகிடும்."

கையை நீட்டினேன்.

"மேல போயி வாங்கித் தர்றேன்டா."

மிட்டாய் மேலே போய் என்றால் சேதியும் மேலே போய்த்தான். என் தொழிலில் கடன் கிடையாது.

வண்டி ஏறியது. முதலில் வழக்கம்போல முனகியது. பிறகு உள்ளே எங்கோ ஒரு விசில் கேட்டது. யாரோ பின்னாலிருந்து தள்ளுகிற மாதிரி இருந்தது. அப்பாவின் கை கியர் மேலேயே இருந்தது, ஆனால் முதல் கியருக்கு மாற்றவில்லை. நாங்கள் தாண்டிப் போன லாரிக்காரர் தலையை நீட்டி, "ஏன் குரு, இது காரா விமானமா?" என்று கன்னடத்தில் கத்தினார். அப்பா சிரித்துவிட்டு, மாமா பார்க்கிறாரோ என்று கண்ணாடியில் பார்த்தார்.

மேட்டு உச்சியில் ஒரு சின்னக் கோயில் உண்டு. ஏறி முடித்த வண்டிகள் அங்கே நின்று, இன்ஜினை அணைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் போகும். ஓடுகிற வண்டியோடு சாமி கும்பிடுவது மரியாதையில்லை. வண்டி நின்றதும் மாமா குதித்து இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டிக்கடைக்கு ஓடினார். எனக்கு மிட்டாய் வாங்கத்தான். அப்பா வண்டியை அணைத்தார். நான் அம்மா மடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, அப்பா திரும்ப ஸ்டார்ட் செய்தபோது மாமா பொட்டலத்தோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார். இன்ஜின் சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. அப்பா நிறுத்தும் குமிழை இழுத்தார், நிற்கவில்லை. சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டார், அப்போதும் நிற்கவில்லை. வெள்ளைப் புகையில் கோயிலே மறைந்தது. எல்லோரும் இறங்கி ஓடினார்கள். சூட்டில் கருகிய டர்போவிலிருந்து கசிந்த எண்ணெயைக் குடித்தே வண்டி ஓடிக்கொண்டிருந்தது. மாமா பானெட்டைத் திறந்து, காற்றுக் குழாயைப் பிடுங்கி, பூசாரி கையிலிருந்த சூடத்தட்டை வாங்கி, காற்றே போகாதபடி இன்ஜின் வாயில் அழுத்தினார். ஒரு கடகடப்போடு நின்றது. அந்த இன்ஜின் அதற்குப் பிறகு ஓடவேயில்லை.

"சூட்டோட ஆஃப் பண்ணிட்டீங்களா மாமா?" என்று அப்பாவைக் கேட்டார். அக்கா புருஷன் அவருக்கு மாமா.

"பின்ன, சாமி முன்னாடி ஓடவிட்டுட்டா கும்புடுவாங்க?"

"ரெண்டு நிமிஷம் ஓடவிட்டிருக்கணும்."

"அத சொல்லணும் இல்ல?"

ஒரு வருஷம் கழித்து நேராகப் பேசிய பேச்சு அது. மாமா என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தடி எலுமிச்சையைப் பார்த்தேன்.

"மறந்துட்டேன் மாமா" என்றார் அப்பாவிடம்.

"அன்னிக்கி ரெண்டு போல்ட்ட மறந்த, இன்னிக்கி இதுவா" என்றார் அப்பா. அவ்வளவுதான். மேடு ஏறினால் இருக்கலாம் என்று சொன்னதை அவரும் எடுக்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

எங்களைக் கயிறு கட்டி இழுக்க லாரி கிடைப்பதற்கு முன்னால், எதிர்ப்பக்கம், தோப்புக்குத் திரும்பும் வழியில், கிருஷ்ணகிரி பஸ் வந்தது. மாமா கையைக் காட்டி நிறுத்தினார். ஏறுவதற்கு முன் பொட்டலத்தை என் கையில் வைத்தார். பத்து மிட்டாய் இருந்தது. ஒரு சேதிக்குப் பத்தா என்று கேட்க வாயெடுத்தேன், பஸ் நகர்ந்துவிட்டது.

மாமாவுக்கு மறதி அதிகம் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். மீதி ஒன்பதும் இனிமேல் சொல்லப்போகிற சேதிகளுக்கு என்று நினைத்துக்கொண்டு, அடுத்த ஊரான சூளகிரி வருவதற்குள் தின்று முடித்தேன்.