வெளிச்சம் வேண்டாம், சூடு போதும்

முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீர் நிரப்பிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலுக்கு என் மஃப்ளரைச் சுற்றி, அதன் தலையில் என் குரங்குக் குல்லாயையும் மாட்டிவிட்டு, இன்னும் ஏன் சூடு ஏறவில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தவன் நான். மஃப்ளருக்குள் ஆள் இருந்தால்தான் அது கதகதப்பாக இருக்கும், தண்ணீர் இருந்தால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"என்னங்க, அதுக்கு மிளகு ரசம் வச்சுத் தரவா?" என்றாள் மனைவி.

பாட்டிலுக்குள் இருந்தவை ஆர்டிமியா முட்டைகள். உப்புநீரில் வாழும் ஒரு பொடி இறால் வகை. முட்டை காய்ந்து, பார்க்கக் காபித்தூள் மாதிரி பொட்டலத்தில் வரும். உப்புத் தண்ணீரில் கொட்டி, காற்றுக் குழாயைப் போட்டுக் குமிழி விட்டு, இளஞ்சூட்டில் வைத்தால் மறுநாளே ஆரஞ்சு நிறத்தில் தூசி தூசியாக நெளிய ஆரம்பிக்கும். மீன் குஞ்சுகளுக்கு அதுதான் தாய்ப்பால்.

அந்த மார்கழியில் எங்கள் வீட்டு ஃபைட்டர் மீன் ஜோடி குஞ்சு பொரித்திருந்தது. எத்தனையோ முறை ஜோடி சேர்த்து, ஒவ்வொரு முறையும் தகப்பன் மீனே முட்டையைத் தின்றுவிட, முதன்முறையாகக் குஞ்சுகளை நீந்தப் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரு வாலும், அவ்வளவுதான் உடம்பு; பார்க்க ஒரு கமா மாதிரி. முதல் சில நாட்களுக்குப் பாசித் தண்ணீரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தின்று தாக்குப்பிடிக்கும். அதற்குப் பிறகு கண்முன்னே அசைகிற இரை வேண்டும். பொடித் தீனியைப் போட்டால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆர்டிமியா பொரியவில்லை என்றால் அத்தனையும் பட்டினியில் சாகும். வயிறு ஒட்டத் தொடங்கியிருந்ததை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன்.

முட்டை வாங்கியது சித்திரையில், சென்னைக் கடை ஒன்றில். கடைக்காரர் அன்றைக்கே கேட்டார், ஹீட்டர் வேண்டாமா சார் என்று. நான் சிரித்தேன். "திண்டுக்கல்காரன்கிட்டயே ஹீட்டர் விக்கப் பாக்குறீங்களா? எங்க ஊர்ல முட்டையை வாசல்ல வச்சா ஆம்லெட்டாவே எந்திரிச்சு வரும்." சிறுமலைப் பக்கமிருந்து காற்று இறங்கி, இட்லி மாவே புளிக்க மறுக்கிற மாசம் ஒன்று எங்கள் ஊருக்கும் உண்டு என்பதை மறந்து பேசிய வாய். இப்போது உள்ளூர் வளர்ப்பு மீன் கடையில் போய்க் கேட்டால், "இங்க எவன் சார் ஹீட்டர் வாங்குறான்?" என்று என் வசனத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். சென்னையிலிருந்து பார்சல் வரும்வரை குஞ்சுகள் காத்திருக்காது.

மஃப்ளர் தோற்றதும் விஞ்ஞானத்துக்குப் போனேன். தெர்மாகோல் பெட்டி ஒன்றில் ஓட்டை போட்டு, உள்ளே பாட்டிலை நிறுத்தி, புத்தம்புது எல்.ஈ.டி. பல்பைப் பொருத்தினேன். பெட்டி திருவிழாப் பந்தல் மாதிரி ஜொலித்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கையை விட்டுப் பல்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"வெளிச்சமா இருக்கு. முட்டை என்ன பேப்பரா படிக்கப்போகுது?"

சரிதான். எனக்கு வேண்டியது பழைய குண்டு பல்பு. தொட்டால் கை பழுக்குமே, அது. பஜாரில் கடை கடையாக ஏறினேன். எலக்ட்ரிக்கல் கடை பாய் ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அது வர்றதே நின்னுபோச்சுண்ணே. எல்.ஈ.டி. கொண்டு போங்க. கரண்ட் அம்புட்டும் மிச்சம்."

"எனக்கு மிச்சமாக வேணாம் பாய். கரண்டை வீணாக்குற பல்பா ஒண்ணு குடுங்க."

கடைப் பையன்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். பாய் மட்டும் சிரிக்காமல், "வீட்ல எல்லாரும் சௌக்கியமா இருக்காங்களாண்ணே?" என்று கேட்டார். என் மண்டையைப் பற்றித்தான் விசாரித்தார் என்று தெருமுனை தாண்டியதும் புரிந்தது.

வெறுங்கையோடு வந்து நான் புலம்பியதை மனைவி போனில் தன் தம்பியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அவன் நிலக்கோட்டைக்குப் பக்கத்து ஊர். மல்லிகைத் தோட்டம், கொஞ்சம் நாட்டுக்கோழி. என்னைக் கேலி செய்வதைப் பிறப்புரிமையாக வைத்திருக்கிறவன். மறுநாள் பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு, பஸ்ஸேறி வந்து இறங்கினான். மடியில் துண்டு மூட்டை.

"பிடிங்க மச்சான். கைப்பிள்ளையக் கொண்டாந்த மாதிரி கொண்டாந்திருக்கேன். பக்கத்துல ஒரு அம்மா, 'பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது, துணிய விலக்குப்பா'ன்னுச்சு."

பிரித்தால் குண்டு பல்பு. நிஜமான, கண்ணாடிக்குள் கம்பி தெரிகிற, கரண்டை வீணாக்குகிற குண்டு பல்பு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அவன் பார்த்துவிட்டான்.

"ஊரே மீனை ஆக்கித் திங்குது. நீங்க மீனுக்கு ஆக்கிப் போடுறீக. அக்கா, இவரை எப்பிடித்தான் வச்சு ஓட்டுற?" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் தானே திருப்பி வைத்தான். "எட்டத்துல கட்டுங்க. தண்ணி தெறிச்சா டப்புன்னு வெடிச்சிரும். ராசா மாதிரி பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கங்க, ஒங்களுக்கு வேற என்ன சோலி?" காபி குடித்தான், வாரேன் என்றான், போய்விட்டான்.

மறுநாள் காலை காற்றுக் குழாயை நிறுத்தினேன். கொஞ்சம் பொறுத்து, பாட்டிலின் அடியில் டார்ச் காட்டினேன். கேரட் சாறு ஊற்றியது போல ஒரு நிறம் மெல்ல அங்கே திரண்டது. அந்த நிறம் நடுங்கிக்கொண்டே இருந்தது. வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசி, மீன் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விட்டேன். கண்ணும் வாலுமாக இருந்ததுகள் பாய்ந்து பாய்ந்து கொத்தின. சற்று நேரத்தில் ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு ஆரஞ்சுப் புள்ளி. பந்திக்குப் பரிமாறியவன் போல எனக்கும் வயிறு நிறைந்தது. அன்றைக்கு இரண்டாவது பாட்டிலும் போட்டேன்.

சாயங்காலம் மனைவி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். சிரிக்கவில்லை. தம்பி பெண்டாட்டியிடம் பேசியிருக்கிறாள்.

"அந்த பல்பு கோழிக்குஞ்சுப் பெட்டில எரிஞ்சதாம்ங்க. வீட்ல இருந்ததே அது ஒண்ணுதானாம். கழட்டிக் கொண்டாந்திருக்கான்."

நான் பெட்டியைப் பார்த்தேன். பல்பு நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தது. என்னுடைய கமா மீன்கள் சாப்பிட வேண்டும் என்று, அங்கே பஞ்சுப் பொதியாய் இருக்கிற நிஜக் குஞ்சுகளை மார்கழிக் குளிரில் விட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், என்னைக் கேலி செய்துவிட்டும் போயிருக்கிறான். இப்படி ஒரு மச்சினனை நான் எந்தத் தகுதியில் சம்பாதித்தேன் என்று தெரியவில்லை. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே, நீ செஞ்சது சாதாரணக் காரியம் இல்லய்யா. எனக்கு எப்படிச் சொல்றதுன்னே தெரியல. இப்பவே பல்பைக் கழட்டிக்கிட்டு நான் பஸ்ஸேறி வாரேன். பாவம்யா, ஒன் கோழிக்குஞ்சுக குளிருக்கு என்னய்யா பண்ணும்?"

"அதுக அடுப்படியில படுத்திருக்கு, போனை வைங்க மச்சான்."