இந்தக் கதையில் எங்கப்பா யார்?

இன்று மலேசியாவின் பத்தாங் பெர்ஜுந்தாயில், நான்காம் படிவ மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடம் எடுத்தேன். உலகில் திரும்பத் திரும்ப நடப்பவை எவை என்பதுதான் தலைப்பு.

“கடல் தாண்டிப் பொழைக்க வந்து, தோட்டத்து லயத்து வீட்டுல அடைஞ்சு கெடந்து, வேலை வாங்குற மண்டோர்கிட்ட ஏச்சு வாங்குனவங்க யாரு?”

நம் முன்னோர் என்று சொல்வார்கள் என நினைத்தேன்.

“பங்களாதேஷ் ஆளுங்க லா, சார்,” என்றாள் முன்வரிசைக் கவிதா. “எங்க எஸ்டேட் லயத்துல இப்ப அவங்கதான் இருக்காங்க.”

வகுப்பே சிரித்தது.

“நம்ம பாட்டன் பூட்டனும் அப்படித்தாம்மா வந்தாங்க,” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “எங்கப்பாதான் சார் அங்க மண்டோர். அப்போ இந்தக் கதையில அவரு யாரு?”

நல்லவேளை, மணி அடித்துவிட்டது.

நாளைக் காலை முதல் பாடமே அந்த வகுப்புதான். பதில் தெரிந்தவர்கள் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.