சண்முகவடிவு டீச்சர் அழிக்கச் சொன்ன பாடங்கள்

"வடிவு போயிட்டா, ஐயா." சண்முகவடிவு அம்மையாரின் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அலைபேசியில் சொன்னார். "ஐயா, கேக்குதா?" என்று மறுபடி மறுபடி கேட்டார்.

ராஜபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் அம்மையாரும் நானும் தமிழாசிரியர்களாக இருந்தோம். வகுப்புகளில் கணினியும் பெரிய திரையும் வைத்தபோது மொழியாசிரியர்கள் பலரும் முகம் சுளித்தோம். செய்யுளைத் திரையிலா நடத்துவது என்றேன். உண்மையில் அதன் பொத்தான்களைத் தொடவே எனக்குப் பயம். அம்மையார் சிரித்தார்.

"தொட்டுத்தான் பாருங்களேன் ஐயா. அது என்ன, உங்க வேட்டியவா உருவப் போகுது?"

எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி, வாசிக்கத் திணறிய பிள்ளைகளையும் வாய்விட்டு வாசிக்க வைத்தார். அதைப் பார்த்துத்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

நான் ஓய்வு பெற்றபின் அவர் நோயுற்றார். சிகிச்சை நாட்களில் வகுப்பு வீணாகக் கூடாதென்று, ஆண்டுப் பாடம் முழுவதையும் தம் குரலில் கணினியில் பதிந்து வைத்தார். பள்ளிச் செயலர் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்.

சில வாரங்கள் கழித்து அம்மையார் என் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூட வேண்டாம் என்றார்.

"செயலர் சொல்லுதாரு, 'நீங்க ரெஸ்ட் எடுங்கம்மா, உங்க இடத்துக்கு ஆளே தேவைப்படாது போல'ன்னு. வெளையாட்டுக்குச் சொல்லுதாருன்னு மொகத்தைப் பாத்தேன். சிரிக்கல ஐயா."

"நீங்க என்னம்மா சொன்னீக?"

"எனக்குப் பொறவு பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் வேணும், அம்புட்டுப் பாடத்தையும் அழிச்சிருங்கன்னேன். அது ஸ்கூல் சொத்தாம். நான் தொடக் கூடாதாம்."

அதன்பின் பார்க்கும்போதெல்லாம் அதையே சொன்னார். குரல் போன பிறகும் உதட்டசைவில் சொன்னார்.

பள்ளியில் இரங்கல் கூட்டம் நடந்தது. தலைகுனிந்து மௌனம் காத்தோம். அப்போது மாடியிலிருந்து அம்மையாரின் குரல் கேட்டது. சட்டென்று நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். பக்கத்திலிருந்தவர் மெல்லச் சொன்னார்: "ஒண்ணுமில்ல ஐயா, எட்டாம் வகுப்புக்குத் தமிழ் பீரியடு."

கூட்டம் முடிந்ததும் மாடியேறி, சன்னல் வழியாகப் பார்த்தேன். ஆசிரியர் நாற்காலி காலி. "புரியாதவங்க கையத் தூக்குங்க" என்றது குரல். ஒரு சிறுமி கையைத் தூக்கினாள். சற்று நேரம் அமைதி.

"சரி, அடுத்த பாட்டுக்குப் போவோம்."

அவள் கையை இறக்கவில்லை.

அம்மையார் அமைதியில் உறங்கட்டும் என்று இந்த அஞ்சலியில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நாளையும் அவருக்கு வகுப்பு இருக்கிறது. போய் வாருங்கள், அம்மா.