பனிமலைக்கு மேலே உறைந்த கிரீஸ்

நான் ரங்கூன் ஆற்றில் லாஞ்சுப் படகுகளின் எஞ்சின் பார்க்கும் மெக்கானிக். மலைகளை அளக்க வந்த வெள்ளைக்கார சர்வே துரையின் சின்ன விமானத்தில், எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் கைப்பம்புக்கும் லாஞ்சுக்குப் போடும் கெட்டிக் கிரீஸையே அப்பியிருந்தேன். நம் வெயிலுக்கு அதுதான் ஒழுகாமல் நிற்கும்.

துரையோடு வடக்கே பனிமலைகளுக்கு மேல் பறந்தபோது எஞ்சின் திணறியது. கீழே பள்ளத்தாக்கெல்லாம் வெடிப்பு விட்ட ஐஸ் ஆறுகள். ஒரு கூரை இல்லை, புகை இல்லை. விழுந்தால் பிணத்தை எடுக்கவும் ஆள் வராது.

"பம்ப் மாரோ, ஜல்தி!" என்று, சீக்கிரம் பம்ப் அடிக்கச் சொல்லி இந்துஸ்தானியில் துரை கத்தினார். கைப்பிடி அசையவில்லை, கிரீஸ் கல்லாய் உறைந்திருந்தது.

"முருகா, நானே கொன்னுட்டேனே!" என்று அலறியபடி பிளாஸ்க்கிலிருந்த சுடு தேத்தண்ணியை அதன்மேல் கொட்டினேன். கைப்பிடி அசைந்தது; அடிக்க அடிக்க எஞ்சின் மறுபடி சீராக ஓடியது.

இப்போது எந்தப் பம்பையும் மீன்கடை ஐஸில் புதைத்தெடுத்து, அசைத்துப் பார்த்த பிறகே விமானத்தில் மாட்டுகிறேன். மீன்காரர்கள் சிரிக்கிறார்கள். அவர்கள் பார்த்த ஐஸ் வேறு, நான் பார்த்த ஐஸ் வேறு.