பந்தலில் கட்டிய பாட்டு

புறப்பட்டவர்கள் இவர்கள். ஒன்று, நான். தேனியில் டேப்ரெக்கார்டர் ரிப்பேர் பார்ப்பவன். படிப்பு ஐந்தாவது. இரண்டு, ஜெய்னுலாப்தீன். கம்பத்துக்காரர், தேனியில் ஏலக்காய் வாங்கி விற்கிறார். குமுளிக்குப் போய்வருவதால் மலையாளமும் கொஞ்சம் இங்கிலீசும் தெரியும். மூன்று, ஆறு பேட்டரி போட்ட டேப்ரெக்கார்டர். அது என் மடியில்.

2005, ஆனிக் கடைசி, சனிக்கிழமை. காலை ஆறேகால் பஸ். கம்பம் நாற்பது கிலோமீட்டர். ஆளுக்குப் பன்னிரண்டு ரூபாய்.

ஏன் போனோம் என்று சொல்ல வேண்டும். சிடி வந்தபிறகு கேசட் வாங்க ஆளில்லை. கடையில் கிடந்ததை மூட்டை கட்டி எடைக்குப் போட்டேன். வாங்கியவர் சுருளிப்பட்டி பாண்டியம்மா, திராட்சைத் தோட்டக்காரர். பழம் இனிப்பு ஏறும்போது டேப்பை உருவிப் பந்தல் மேலே கட்டுவார்கள். வெயிலில் மினுங்கும், காற்றில் உறுமும். மைனாவும் கிளியும் கிட்டே வராது.

மூட்டையிலிருந்து ஒன்று தவறி மேசைக்கடியில் கிடந்தது. குமுளிப் பக்கம் மூடிப்போன ஒரு லாட்ஜ் சாமானோடு வந்தது. வியாழக்கிழமை ஒரு செட்டைச் சரிபார்க்க அதைப் போட்டேன். ஒரு வெள்ளைக்காரர். ஒரு கிட்டார். வேறொன்றும் இல்லை. உட்கார்ந்திருந்த நாற்காலி கிரீச்சிடுவதும் கேட்டது. பாடுவதற்கு முன் இருமினார். பிறகு பாடினார். ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டேன். இருபது வருசமாக வேலைக்காகப் பாட்டுக் கேட்கிறவன் நான். அன்று வேலை ஓடவில்லை. டீ குடிக்க வந்த ஜெய்னுலாப்தீனும் உட்கார்ந்துவிட்டார். டீ ஆறிப்போனது.

அட்டையில் பேனாவால் எழுதியிருந்தது. ராபின் என்பது மட்டும் தெரிந்தது, மிச்சம் தண்ணீர் பட்டு அழிந்திருந்தது. பிரவுசிங் சென்டருக்குப் போனோம். மணிக்கு இருபது ரூபாய். ஜெய்னுலாப்தீன் பாட்டுவரிகளைச் சொல்லச் சொல்ல சென்டர்காரர் தட்டிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. இப்படி ஒரு ஆளே உலகத்தில் இல்லை என்றார்.

அதில் பத்துப் பாட்டு. பதினோராவது பாதியில் நின்றுவிட்டது, டேப் தீர்ந்ததால். பதிவு செய்தவர் என் மாதிரி ஆளாக இருந்தால், விட்ட இடத்திலிருந்து அடுத்த கேசட்டில் தொடர்ந்திருப்பார். அதே கையெழுத்தில் இரண்டு என்று போட்ட கேசட் ஒன்று இருந்தது. அதை மூட்டைக்குள் போட்டதும் என் கைதான்.

மூட்டை போய்ப் பத்து நாள். காற்றும் ஏறிவிட்டது. அந்தக் காற்றில் டேப் எத்தனை நாள் தாங்கும்?

ஏழு மணி, சின்னமனூர் தாண்டி. ஜெய்னுலாப்தீன் முதல் கேசட்டைச் சத்தம் குறைத்துப் போட்டார். முன்சீட்டில் வெற்றிலைக் கூடையோடு ஒரு அம்மா. நல்ல பாட்டாகப் போடச் சொன்னார். இரண்டு பாட்டுப் போனபின் திரும்பினார்.

"யாரு செத்துப்போனாக இவருக்கு?"

"யாரும் சாகலம்மா. மழையைப் பத்திப் பாடுறாரு" என்றார் ஜெய்னுலாப்தீன்.

"மழைக்கா இம்புட்டு வருத்தம்? இங்கன வந்து பெய்யச் சொல்லுங்க."

ஆனால் உத்தமபாளையத்தில் இறங்குகிறவரை அவர் அணைக்கச் சொல்லவில்லை.

எட்டு மணிக்குக் கம்பம். டவுன் பஸ்ஸுக்கு மூன்று ரூபாய். எட்டே முக்காலுக்குச் சுருளிப்பட்டி. தோட்டம் ரோட்டிலிருந்து அரைக் கிலோமீட்டர். நடக்கும்போதே சத்தம் கேட்டது. பந்தல் முழுக்க டேப். காற்று அடிக்க அடிக்க ஊமை ஆள் பாட முயல்கிற மாதிரி ஒரு உறுமல்.

பாண்டியம்மா பம்புசெட்டு ரூமிலிருந்து வந்தார். விசயத்தைச் சொன்னேன்.

"வித்த சாமானைத் திருப்பிக் கேக்க வந்தீகளாக்கும்."

ஒரே ஒரு கேசட்தான் என்றேன். இன்னும் பன்னிரண்டு நாளில் பழ வெட்டு, வியாபாரி பேசிவிட்டுப் போயிருக்கிறார் என்றார்.

"பழத்தை மைனா தின்னுட்டா உங்க வெள்ளைக்காரரா வந்து குடுப்பாரு?"

கழற்றுகிற ஒவ்வொரு வரிசைக்கும் வேறு டேப் கட்டித் தருகிறேன் என்று பையைத் திறந்தேன். கடையில் மிச்சமிருந்த ஐந்து கேசட்டைக் கொண்டுபோயிருந்தேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

"மைனாவுக்கு எந்தப் பாட்டா இருந்தா என்ன. கட்டுங்க."

காலிக் கூடுகள் சாக்கில் கிடந்தன. அதில் இரண்டு என்று எழுதியதும் இருந்தது. ஆனால் அதன் டேப் எந்த வரிசையில்? நாற்பது கேசட்டை உருவிக் கட்டியிருக்கிறார். நம் ஊர் டேப் பழுப்பு. அது நல்ல கறுப்பு. கழுத்தை அண்ணாந்தபடி பந்தலுக்கடியில் நடந்தோம். மூன்றாம் வரிசையில் ஜெய்னுலாப்தீன் கத்தினார்.

"மாப்ள, கறுப்பு!"

ஓடினேன். நாற்பத்திரண்டு வயதில் பந்தலுக்கடியில் குனிந்து ஓடியது அன்றுதான்.

ஒன்பதரையிலிருந்து இரண்டு மணிவரை வேலை. அவிழ்த்து, துடைத்து, முடிச்சுகளை பிளேடால் அறுத்து, செல்லோடேப்பை மெல்லிசாக நறுக்கி ஒட்டி, பென்சிலால் சுற்றினேன். எதிர்ப்பக்கம் ஜெய்னுலாப்தீன் என் டேப்பைக் கட்டிக்கொண்டே வந்தார். கட்டி முடித்தபின்தான் பார்த்தேன், அதில் ஒன்று என் கல்யாணத்தில் வாசித்த நாதசுரம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கடைசி வரிசையில் நாற்பத்தைந்து அடி காற்றில் போயிருந்தது. டேப்பில் ஒரு துண்டு போனால் இரண்டு பக்கத்திலும் போகும். அதோடு பக்கத்துக்கு ஒரு பாட்டுப் போனது. அதுகூடப் பரவாயில்லை. தொடக்கத் துண்டைக் காணோம். நான் தேடி வந்த பாதி அதில்தான். பந்தலை இரண்டு தடவை சுற்றினேன். இல்லை.

பாண்டியம்மா மோர் கொடுத்தார். இவ்வளவு பாடுபட்டீர்களே, போட்டுக் காட்டுங்கள் என்றார். கிடைத்தவரை போட்டோம். கரகரவென்று இரைச்சல், முடிச்சு இருந்த இடத்தில் ஒரு துள்ளல். ஆனால் அவர்தான். நாற்காலிகூட அதேதான். பாண்டியம்மா ஒரு பாட்டு முடியும்வரை நின்று கேட்டார். பிறகு பம்புசெட்டு ரூமுக்குள் போய் ஒரு மக்காச்சோளக் கட்டையோடு வந்தார். அதில் கறுப்பாகச் சுற்றியிருந்தது.

"கட்டுன அன்னைக்கே அந்துபோச்சு. கொடி கட்ட ஆகும்னு வச்சிருந்தேன். இது வேணுமா?"

அதன் நுனியில், கேசட் முனையில் வரும் வெள்ளை நாடா. தொடக்கம். ஒட்டும்போது இரண்டு தடவை கோணலாகப் போனது. மூன்றாம் தடவை சரி.

போட்டேன். இருமல் இல்லை, பேச்சு இல்லை. விட்ட இடத்திலேயே எடுத்தார். மூன்று பேரும் டேப்ரெக்கார்டரைச் சுற்றி நின்றோம். மேலே என் கல்யாண மேளம் காற்றில் உறுமியது. கிட்டார் நின்றதும் பாண்டியம்மா கேட்டார்.

"முடிச்சிட்டாரா?"

"முடிச்சிட்டாரு ஆத்தா" என்றேன்.

பழம் ஒரு கிலோ பறித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

நாலேகால் பஸ். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருந்தது. பாடியவர் ஊரில் மழை நிற்பதே இல்லை போலிருக்கிறது. எங்கள் ஊரில் மேகம் கேரளாவில் பெய்துவிட்டுக் காற்றை மட்டும் அனுப்பும். அந்தக் காற்றில் அவர் பத்து நாள் இருந்திருக்கிறார். அவர் உயிரோடு இருக்கிறாரா, தெரியாது. அவருக்கும் சுருளிப்பட்டி தெரியாது.

ஜெய்னுலாப்தீன் விரல் மடக்கி எண்ணினார். முதல் கேசட்டில் பத்தரைப் பாட்டு. இரண்டாவதில் எட்டரை.

பத்தொன்பது.